சுவர் இடிக்கிற மாத்திரையும் உண்ணிக் காய்ச்சலும்

மருந்துக்கடையில் நிற்பவனுக்குப் படிப்பு பாதி, பொறுமை பாதி. இரண்டும் தீர்ந்த பிறகு கைவசம் நாலு கதை இருக்க வேண்டும். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நாற்பது வருஷத்துக்கு மேலாகப் பார்மசிஸ்டாக நிற்கிறேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர்; காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். டாக்டர் கையெழுத்தில் எனக்குத் தெரியாதது கிடையாது. ஒரு தடவை மைக்கூட்டில் விழுந்த பல்லி சீட்டில் ஓடியதைக்கூட வாசித்து, மூன்று வேளைக்கு மருந்து கட்டிக் கொடுத்திருக்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் கால் கடுக்க நிற்கும் சக பாவிகளே, நீங்கள் இதை நம்புவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

போன ஐப்பசி மழைக்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். இதில் பல்லி கிடையாது. அத்தனையும் நிஜம்.

அட்டையில் மிச்சம் ஆறு

சேத்தூரிலிருந்து பேச்சியம்மாள் வந்தாள். புருஷன் கருப்பசாமி மலையடியில் ஒரு தென்னந்தோப்புக்குக் காவல். நாலு நாளாகக் காய்ச்சல், தலை பிளக்கிற வலி. தோப்பை விட்டு வந்தால் காட்டுப்பன்றி தென்னங்கன்றுகளைத் தோண்டிப்போடும் என்று டாக்டரிடம் வர மறுக்கிறான். அவள் மடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். போன வருஷம் அவள் பல்வலிக்கு எழுதிக் கொடுத்த அமாக்சிசிலின், மிச்சம் ஆறு. “இது பத்துமா, இன்னும் நாலு தாரீகளா?” என்றாள்.

“தாயி, பென்சிலின் சாதி மாத்திரை கொத்தனார் வேலைக்கு நேர் எதிர். கிருமி தன்னைச் சுத்தி ஒரு சுவர் கட்டியிருக்கும், இது போய் அந்தச் சுவரை இடிக்கும். பல்லுல சீழ், தொண்டையில புண்ணுன்னா சரி. உன் வீட்டுக்காரருக்கு வந்திருக்கிறது எந்தக் கிருமின்னே தெரியாம யார் சுவரை இடிக்கப் போறே? அவரைக் கூட்டிட்டு வா. மாடியிலதான் டாக்டரம்மா இருக்காக” என்றேன். அதோடு, பாதிக் கோர்ஸில் தப்பித்த கிருமி ஒன்று எங்கள் கடைக்கே வந்து, அதே மாத்திரையில் இன்னொரு அட்டை கேட்ட கதையையும் சொன்னேன். பேச்சி அசரவில்லை. அட்டையை மடியில் முடிந்துகொண்டு சொன்னாள்: “எந்தச் செவராயிருந்தா என்ன அண்ணாச்சி, முதல்ல இடிச்சுப் போடுவோம், உள்ள யாரு இருக்கான்னு பொறவு பாத்துக்கிடலாம்!”

பங்காளி வந்தான்

மறுநாள் அவள் தம்பி மாரியப்பன் வந்தான். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறவன். ஆறு மாத்திரையில் பாதி உள்ளே போயும் காய்ச்சல் நூற்று மூன்றுக்குக் குறையவில்லையாம். அதனால் தனக்கு டைபாய்டு வந்தபோது மிஞ்சிய செஃபிக்சிம் இரண்டை இவனே மாமனுக்குக் கொடுத்துவிட்டான். இன்னும் எட்டு வேண்டுமாம்.

“ஏலே, அதுவும் சுவர் இடிக்கிற கூட்டம்தான். பென்சிலினுக்குப் பங்காளி. கடப்பாரைதான் கொஞ்சம் பெரிசு. மழை பேஞ்சு புதர் மண்டிக் கிடக்குற மலையடியில இப்படிக் காய்ச்சல் வந்தா நான் நினைக்கிறது வேற. உடம்புல எங்கயாவது கருப்பா, சூடு வச்ச மாதிரி பொருக்கு இருக்கான்னு பாத்தியா?” என்றேன். மாமனிடம் கேட்டானாம், ஒன்றும் இல்லை என்றானாம். “கேட்டியா, பாத்தியா?” என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்: “மாமன் உடம்பை நான் எப்படி அண்ணாச்சி பாக்க? டைபாய்டுக்குக் கேட்ட மாத்திரை இதுக்குக் கேக்காதா, ரெண்டும் காய்ச்சல்தானே!”

சீட்டில்லாமல் கொடுக்க மாட்டேன் என்று அனுப்பிவிட்டேன்.

கோவாவுக்குள் சிக்கிய மாத்திரை

அன்றைக்குச் சாயங்கால பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் சங்கரன், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் மாஸ்டர். அவருக்கு நீர்க்கடுப்பு. டாக்டர் எழுதிய சிப்ரோஃப்ளாக்சசினை என்னிடம்தான் வாங்கினார். இந்தச் சாதி மாத்திரை சுவர் பக்கமே போகாது; கிருமி குட்டி போடுவதற்கு வைத்திருக்கும் நூல்கண்டையே சிக்காக்கி விடும். அப்படிப்பட்டது நாலு நாளாகியும் கேட்கவில்லை என்றார். எப்படி விழுங்குகிறீர்கள் என்று விசாரித்தேன். கசப்பாக இருக்கிறதாம். வேளைக்கு ஓர் உருண்டை பால்கோவாவில் பொதிந்து, மேலே ஒரு டம்ளர் பால்.

பாலில் இருக்கும் சுண்ணாம்புச்சத்து அந்த மாத்திரையைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்துக்குள் போக வேண்டியதில் பெரும்பகுதி குடலோடு நின்று மறுநாள் காலையில் வெளியேறும். “பாலும் கோவாவும் கிட்டவே வரக்கூடாது. வெறும் தண்ணி. மாடியேறி டாக்டரம்மாகிட்டயும் நடந்ததைச் சொல்லிருங்க” என்றேன். சங்கரன் வருத்தப்படுவார் என்று பார்த்தால் நெஞ்சை நிமிர்த்தினார்: “கோவாவுக்குள்ள போன மாத்திரையே அதை விட்டு வரமாட்டேங்குதுன்னா, நம்ம கோவா எம்புட்டு நல்லாருக்குன்னு பாத்துக்கிடுங்க அண்ணாச்சி!”

அவிழாத கயிறு

காய்ச்சல் கண்ட ஏழாம் நாள் பேச்சி அழுதுகொண்டே வந்தாள். கருப்பசாமி பிதற்றுகிறான். காட்டுப்பன்றிகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். மூச்சு இரைக்கிறது. இனி ஒரு நாள் விட்டால் ஆள் இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. தோப்புக்காரருக்கு நானே போன் போட்டு, “பன்னியை நீங்க பாத்துக்கிடுங்க, ஆளை நாங்க பாத்துக்கிடுறோம்” என்று சொல்லி, ஆட்டோவில் கொண்டுவரச் செய்தேன். மாரியப்பனும் நானுமாகத் தாங்கிப் பிடித்து மாடிக்கு ஏற்றினோம். டாக்டரம்மா கழுத்து, அக்குள், காதுப்பின்புறம் எல்லாம் பார்த்தார். இடுப்புப் பக்கம் கை போனதுதான் தாமதம், சுயநினைவே இல்லாத மனுஷன் வேட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். மூன்று பேர் இழுத்தும் விடவில்லை. மானம் என்பது மூளையில் இல்லை, விரலில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் அவன் காதோரம் குனிந்து, என் ஆயுசிலேயே சிறந்த பொய்யைச் சொன்னேன். “கருப்பசாமி, காய்ச்சல் உன் அரைஞாண் கயித்துல ஏறியிருக்குப்பா. கயிறு இறுகிக்கிட்டே வருது. செத்த நேரம் இறக்கி விட்டா அதுவே இறங்கிப் போயிரும்.” அவன் கண்ணைத் திறக்காமலே கயிற்றை விரலால் நெம்பி இறக்கினான். அதற்கு அடியில், சட்டைப் பொத்தான் அளவில் கருகிய பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். கண்ணுக்குத் தெரியாத புதர் உண்ணி கடித்த இடம். டாக்டரம்மா, “ஸ்க்ரப் டைபஸ், உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் உடனே” என்று எழுதத் தொடங்கினார். பேச்சி எட்டிப் பார்த்து, அழுகையை நிறுத்திவிட்டுக் கத்தினாள்: “பீடியக் கண்ட இடத்துல வைக்காதீகன்னு எத்தன தடவ சொன்னேன்!”

உள்ளறையில் குடியிருப்பவன்

அவனை மாடியிலேயே இருந்த வார்டில் சேர்த்து, மூக்குக்கு ஆக்சிஜனும் கைக்கு டிரிப்பும் போட்டார்கள். பேச்சி கீழே வந்து, முதலில் கொடுத்த இரண்டு சாதி மாத்திரையும் ஏன் கேட்கவில்லை என்று என்னைக் குறுக்கு விசாரணை செய்தாள். “இந்தக் கிருமி தனிவீடு கட்டாது தாயி. நம்ம உடம்போட உள்ளறையில போய் ஒளிஞ்சுக்கிடும். வெளியில நின்னு கடப்பாரை போட்டா அதுக்கு என்ன? டெட்ராசைக்ளின் சாதியைச் சேர்ந்த டாக்ஸிசைக்ளின் அந்த அறைக்குள்ளேயே போய், அதோட சமையல்கட்டைப் பூட்டிரும். பட்டினி கிடந்தா அடங்கும். அவருக்கு முழுங்கத் தெம்பு வந்ததும் நிறைய தண்ணியோட, உக்காந்து முழுங்கணும், உடனே படுக்கக் கூடாது. பால் வேண்டாம்.” ரெண்டு நாளில் காய்ச்சல் இறங்கும் என்றும் சொன்னேன். அடித்துத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு அந்த ரெண்டு நாளும் பஸ்ஸில் யாரிடமும் கதை சொல்லவில்லை என்பதைச் சங்கரன் கவனித்து, எனக்கே உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மூன்றாம் நாள் காலை, கடை ஷட்டர் பாதி ஏறியிருக்கும்போதே அதற்கு அடியில் பேச்சியின் முகம் தெரிந்தது. கண்ணெல்லாம் தண்ணீர். ஷட்டரை அப்படியே விட்டுவிட்டுக் குனிந்தேன். அவள்தான் சொன்னாள்: “காய்ச்சல் விட்டுருச்சு அண்ணாச்சி. விடிஞ்சதுலருந்து அவிய என்னைய வைஞ்சுக்கிட்டே இருக்காக!”

கயிறு பார்க்கும் வைத்தியர்

கருப்பசாமி கடைசி கேப்சூல் வரை முடித்துவிட்டுத் தோப்புக்குத் திரும்பினான். போனவன் சும்மா இருந்தானா? ராஜபாளையத்தில் ஒரு கிழவர் அரைஞாண் கயிற்றைப் பார்த்தே காய்ச்சலைக் கண்டுபிடிக்கிறார் என்று சேத்தூர் முழுக்கச் சொல்லிவிட்டான். அடுத்த வாரம் கடை வாசலில் ஆண்பிள்ளைகள் வரிசை. பால்பவுடர் வாங்க வந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடினார்கள். “சட்டையைத் தூக்காதீகடா, மாடிக்குப் போங்க!” என்று தொண்டை வற்றக் கத்தினேன். போன பதினோரு பேரில் பத்துப் பேருக்கு ஒன்றுமில்லை. பதினோராவது ஆள், ஆடு மேய்க்கிறவர், இரண்டு நாள் காய்ச்சல். கயிற்றுக்கு அடியில் அதே கருப்புப் பொருக்கு. டாக்டரம்மா அன்றைக்கே மாத்திரையைத் தொடங்கிவிட்டார். ஆள் வார்டு பக்கம் போகாமலே எழுந்துவிட்டார்.

இதையெல்லாம் பக்கத்துச் செருப்புக்கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சாகுல் பாய், கூட்டம் குறைந்ததும் மெதுவாக வந்து, கவுண்டரில் கையை ஊன்றி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அண்ணாச்சி, நமக்குக் கயிறு கட்டுற பழக்கம் கிடையாது, பெல்ட்டுல பாப்பீகளா?”

மருந்துக்குப் பக்கவிளைவு உண்டு என்று அட்டையில் பொடி எழுத்திலாவது போடுகிறார்கள். பொய்க்கும் உண்டு, அதிலும் சிலது நல்ல விளைவு என்று எந்தக் கம்பெனியும் போடுவதில்லை.