ஃபீஷுக்கும் கிரின்டெல்வால்டுக்கும் நடுவில்

பதினேழாவது மட்டையை எமில்டா வெட்டிக் கொடுக்க, அப்பா பசை பூசி ஒட்டினார். மட்டை மலையின் கடைசி அடுக்கு, ஒரு பருப்பளவு. கடல் மட்டத்திலிருந்து 4200 மீற்றர். சென் ஜேம்ஸ் ரவுணில் பதினோராம் மாடி. ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த கையோடு. செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகும் வழியில், பஸ் தரிப்பிடத்தில் அப்பாவின் இதயம் நின்றுபோயிற்று.

அப்பா அமிர்தநாதர் ஸ்காபரோவில் ஒரு பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தார். அறுபத்திரண்டு வயதுவரை மலை ஏறியதில்லை. பிறந்தது மேடு பள்ளமில்லாத மன்னார்த் தீவில். விடியச் சைக்கிளை எடுத்தால் காலைச் சாப்பாட்டுக்குத் தலைமன்னாரில் நிற்பார்.

அந்தக் கணக்கில்தான் பிழை விட்டார். மூத்தவள் ஏஞ்சலா சுவிஸில், ஃபீஷ் என்ற ஊரில் கைக்குழந்தையோடு இருந்தாள். 1994 மாசியில், கிரின்டெல்வால்டில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்த அவளுடைய பெரியப்பா மகன் பஸ்ரியன் இறந்துபோனான். செத்தவீட்டுக்கு அவள் போகவில்லை. அப்பா அட்லஸில் இரண்டு ஊருக்கும் நடுவே பெருவிரலை வைத்துப் பார்த்தார். ஒரு விரல் அகலம். உடனே போனை எடுத்தார்.

"உது ஒரு தூரமோ? மன்னாரிலயிருந்து தலைமன்னார்! சகோதரத்தின்ர முகத்தைப் பாக்க உனக்கு நேரமில்லையோ?"

"நடுவில மலையெல்லே நிக்குது, அப்பா."

"விலத்திப் போவன்!"

அவள் போனை வைத்துவிட்டாள். பிறகு எடுக்கவேயில்லை.

இளையவள் எமில்டா நில அளவைக் கந்தோரில் படம் வரைபவள். அந்த இரண்டு ஊரையும் காட்டும், உயரக் கோடுகள் போட்ட பெரிய படம் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தாள்.

"இதில ஒவ்வொரு தடிச்ச கோடும் இருநூறு மீற்றர் ஏத்தம்."

"சும்மா சொல்லாத."

கோட்டை அவர் நம்பவில்லை, கையைத்தான் நம்புவார். தொழிற்சாலையில் கழித்த மட்டைகளைக் கேட்டு வாங்கிவந்தார். கோட்டுக்கு ஒரு மட்டை, கிழமைக்கு ஒரு கோடு. மட்டையின் தடிப்பால் மலை ஒன்றரை மடங்கு உயருகிறது என்று எமில்டா குறை சொன்னாள்.

"பிள்ளையத் தூக்கிக்கொண்டு ஏறிறவளுக்கு அப்பிடித்தான் இருக்கும்" என்று அவர் சிரித்தார்.

ஒன்பதாம் அடுக்கோடு பகிடி நின்றது. ஊர்கள் இரண்டும் அடியில், நடுவில் மலையும் பனியாறும். ரயில் பாதையின் மேல் நூலை வளைத்து அளந்தார். நேரே இருபத்தாறு கிலோமீற்றர். ரயிலில் சுற்றிப் போனால் நூற்றிருபதுக்கு மேல். நூலைத் திரும்பவும் வைத்து இன்னொருமுறை அளந்தார். வயது போனபின் தன் பிழையைத் தானே அளந்து பார்த்த வேறு மனிதரை எமில்டா கண்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கடைசி மட்டை ஒட்டியதும் அப்பா கையைத் துடைத்தார்.

"கமெராவுக்கு பிலிம் வேணும். இதைப் படமெடுத்து ஏஞ்சலாவுக்கு அனுப்புவம். பின்பக்கத்தில நான் எழுதுறன்."

"என்ன எழுதப் போறியள்?"

"அப்பன் பிழை விட்டிட்டான் எண்டு. வேற என்ன?"

"நான் வாங்கியரட்டோ?"

"வேண்டாம். செவ்வாய் வேலையால வரேக்க நானே வாங்குறன்."