ஒரு கப் மட்டும்

சென்னீர்குப்பத்தில் இருக்கும் எங்கள் ஸ்கேன் சென்டரில் சண்டை என்று வந்தால் அது பாத்ரூமுக்காகத்தான் வரும். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள், வரவேற்பு மேஜையில் இருக்கும் என்மீதுதான் பாய்வார்கள். என் வாயும் சும்மா இருக்காது. ஆக்னஸ் அக்கா வெளியே வந்து இரண்டு வார்த்தை பேசினால்தான் கூடம் அடங்கும்.

மேனாம்பேட்டிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர் அக்கா. பெண்களைப் படுக்கவைப்பது, பயந்தவளின் கையைப் பிடித்துக்கொள்வது, ஜெல் பாட்டிலை வெந்நீரில் வைத்துக் குளிர் போக்குவது, கடைசியில் வயிற்றைத் துடைத்துவிடுவது, இதுதான் வேலை. டாக்டரம்மா திரையைப் பார்ப்பார். அக்கா படுத்திருப்பவளின் முகத்தைப் பார்ப்பார்.

போன மாதம் பூந்தமல்லியிலிருந்து உஸ்மா மாமியார் நஜ்மாவோடு வந்தாள். ஏற்கெனவே ஒன்று கலைந்திருந்தது. இந்த முறை முதல் ஸ்கேனில் கரு தெரிந்தது, துடிப்பு தெரியவில்லை. இரண்டாவது ஸ்கேனிலும் இல்லையென்றால் இல்லைதான். நான் ஒரு பாட்டில் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தேன். கூடக் குடித்தால் பிள்ளை நன்றாகத் தெரியும் என்று நஜ்மா மூன்று பாட்டிலை மருமகளுக்குள் இறக்கிவிட்டிருந்தார்!

அன்று ஆள் குறைவு என்பதால் நானும் உள்ளே நின்றேன். டாக்டரம்மா கருவியை வைத்ததுமே உதட்டைப் பிதுக்கினார்.

"மூத்திரப் பை ரொம்பி வழியுது. கருப்பையைப் போட்டு அமுக்குது. ஒண்ணுமே தெரியல."

கடைசி வார்த்தைகள்தான் உஸ்மாவின் காதில் ஏறின. குலுங்கி அழுதாள்.

"அட, இன்னாத்துக்கு அழுவுற? கொயந்தய சொல்லலம்மா, தண்ணிய சொல்றாங்கோ" என்று அக்கா ஒரு பேப்பர் கப்பை நீட்டினார். "இது ரொம்புற வரிக்கும் போ. அப்பால நிறுத்திக்கினு வந்துடு."

"பாதியில எப்படிக்கா நிறுத்துறது?"

"நிறுத்துவ. நான் வெளியதான் நின்னுகினு கீறேன்."

நானாக இருந்தால் அணை உடைந்திருக்கும். அக்கா பாத்ரூம் கதவில் காதை வைத்து, "ரொம்பிச்சா? நிறுத்து தாயி, நிறுத்து!" என்று கத்தினார். வரிசையில் நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. நஜ்மா கண்ணை மூடி துஆ கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுபடி படுக்கை, மறுபடி ஜெல். டாக்டரம்மா கருவியை இப்படியும் அப்படியும் நகர்த்தித் தேடினார். பிறகு திரையைத் திருப்பினார்.

"அதோ, துடிக்குது பாரும்மா."

அம்மாடி! ஒரு பச்சைப்பயறு அளவுதான் இருக்கும். அதற்குள் ஏதோ விடாமல் மினுங்கியது. கை இல்லை, முகம் இல்லை, துடிக்க மட்டும் அதற்குத் தெரிந்திருக்கிறது! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அக்கா கண் கலங்கி சிலுவை போட்டுக்கொண்டார்.

"தினம் பாக்குறீங்களே, இன்னுமாக்கா?" என்றேன்.

"பயகிப்போற சமாச்சாரமாடி இது?"

"அக்கா, மீதியும் போயிட்டு வரட்டா?" என்ற உஸ்மா பதிலுக்கு நிற்காமல் ஓடினாள். அவள் ஓடுவதைப் பார்த்து நஜ்மா பதறி எழுந்தார்.

"துடிக்குதும்மா!" என்று ஆக்னஸ் அக்கா கூடம் முழுக்கக் கேட்கக் கத்தினார்.

வரிசையில் முதலாவதாக நெளிந்துகொண்டு நின்றவள், காலையிலிருந்து என்னோடு சண்டை போட்டவள், பாத்ரூம் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"நீ போம்மா முதல்ல" என்றாள்.