ஒரே துணியில் இரண்டு தக்காளி ராணிகள்

பொமிரிசோச் சந்தையைப் போல ஒரு சந்தை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிடையாது. உண்டு என்று யாராவது சொன்னால் அவர் அந்தப் பக்கம் பெண் எடுத்தவராக இருப்பார், மன்னித்து விட்டுவிடலாம். அந்தச் சந்தையின் தக்காளி ராணிதான் அஃபியா பிராகோ.

அரண்மனை ராணி பிறப்பால் வருகிறவள். பிராகோ தலையில் கூடை தூக்கி வந்தவள். பள்ளிக்கூட வாசலில் அவித்த வேர்க்கடலை விற்றதுதான் அவளுக்கும் படிப்புக்கும் இருந்த உறவு. அதை ஒரு குறையாகவே நினைக்க மாட்டாள். "உள்ள ஒக்காந்து படிச்சதுங்க எல்லாம் இப்ப எங்கிட்ட வேல கேட்டு வருதுங்க" என்பாள். வந்தது ஒரே ஒருவன். அவனும் அவள் போட்ட சத்தத்தில் மத்தியானமே ஓடிவிட்டான். ஆனாலும் பெருமை பெருமைதானே! தக்காளி லாரி எங்கிருந்து வந்தாலும் பிராகோ தலையசைத்த பிறகுதான் பெட்டி இறங்கும். குமாசி நகரத்திலிருந்து வாங்க வருகிற பெரிய வியாபாரிகளும் முதலில் அவள் கொட்டகைக்கு வந்து, அவள் கொடுக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் அக்ராதேசோ. அங்கேயும் ஒரு தக்காளி ராணி, அசாபியா. ஆறு நடுவில் இருந்தவரைக்கும் இருவருக்கும் வம்பில்லை. அரசாங்கம் பாலம் கட்டியது, வம்பும் வந்தது. ஏனென்றால் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது சுப்ரிசோ. சின்னக் கிராமம்தான், ஆனால் அந்த வட்டாரத்துத் தக்காளியில் பாதி அங்கே விளைகிறது. அதுவரை வேறு வழியில்லாமல் பொமிரிசோவுக்கு வந்துகொண்டிருந்தவர்கள் இப்போது இடமா வலமா என்று யோசிக்க ஆரம்பித்தார்கள். சுப்ரிசோ கைமாறிப் போனால் குமாசி லாரிகளும் அந்தப் பக்கமே திரும்பிவிடும். கொட்டகை போட்டிருக்கும் பெண்கள் ஈ ஓட்ட வேண்டியதுதான். ராணி என்ற பட்டமும் போய், பிராகோ பழையபடி வெறும் பிராகோ ஆகிவிடுவாள்.

முதல் கல்லை எறிந்தவள் அசாபியா. சுப்ரிசோவில் ஓர் ஆழ்குழாய்க் கிணறு போட்டுக் கொடுத்தாள். பிராகோ விடுவாளா? பள்ளிக்கூடத்துக் கூரைக்குத் தகரம் அனுப்பினாள். அந்தப் பக்கத்திலிருந்து உழவுக்கு டிராக்டர் வந்தது. இந்தப் பக்கத்திலிருந்து விதை கடனாகப் போனது, காய்த்த பிறகு தக்காளியாகத் திருப்பித் தரலாம் என்று. அதோடு நிற்காமல், பாலம் தாண்டித் தக்காளி விற்பவன் பொமிரிசோவில் ஒரு வாழைத்தார்கூட இறக்க முடியாது என்று தடை போட்டாள் பிராகோ. அக்ராதேசோவில் கிழங்குக்கும் சேர்த்துத் தடை போட்டாள் அசாபியா.

இதில் பெருத்தது சுப்ரிசோத் தலைவர் நானா பெப்ராவின் வயிறுதான். இந்தப் பக்கத்து ஆடு ஒரு வாரம், அந்தப் பக்கத்து ஆடு ஒரு வாரம். ஆட்டை ஓட்டி வரும் இரண்டு ஆட்களிடமும் ஒரே பதிலைச் சொல்லி அனுப்புவார்: "எங்கம்மா கையால சாப்ட்ட மாதிரி இருந்துச்சு. உங்க ராணிகிட்ட சொல்லு, என் மனசு அவங்க பக்கந்தான்."

அந்த அம்மாவே நல்ல முதுமையில் கண்ணை மூடினாள். நீத்தார் விழா என்றால் எங்கள் பக்கம் சும்மாவா? யார் வந்தார்கள், எத்தனை பேராக வந்தார்கள், என்ன துணி கட்டி வந்தார்கள் என்பது வருஷக் கணக்கில் பேச்சாகும். ஒரே துணி கட்டி வந்தவர்கள் ஒரே வீடு. பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் அது.

பிராகோ தன் கொட்டகையில் வேலை பார்க்கும் மான்சாவையும் கூட்டிக்கொண்டு குமாசிக்குப் போனாள். துணிக்கடை எகுவா ஒரு கறுப்புத் துணியை விரித்தாள். அதில் வெள்ளைச் சோழி அச்சு.

"இத யாரு கேட்டா தெரியுமா?" என்றாள் எகுவா, குரலைத் தாழ்த்தி. "அக்ராதேசோ அசாபியா. இதுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னா."

பிராகோவின் கண் பளபளத்தது. "எவ்ளோ இருக்கு?"

"இருக்கறது அந்த மூலைல இருக்கற கட்டுங்கதான்."

"அத்தனையும் கட்டு."

மான்சா வாயைப் பிளந்தாள். "அம்மா, நம்ம ஆளுங்களுக்கு இதுல பாதி போதுமே!"

"நமக்கு வேணுங்கறதுக்கா வாங்கறேன்? அவளுக்குக் கெடைக்கக் கூடாதுடி. நெனச்ச துணி இல்லாம கண்டதக் கட்டிட்டு வரட்டும், ஊரே பாக்கட்டும்." வாங்கியதை வீணாக்குவானேன் என்று தன் பெண்கள் எல்லோருக்கும் அதிலேயே தைக்கக் கொடுத்தாள். எகுவா காசை எண்ணிக்கொண்டு கட்டிக் கொடுத்தாள். நல்ல வியாபாரி கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதில்லை.

விழாவன்று பொமிரிசோ லாரி சுப்ரிசோ மைதானத்தில் வந்து நின்றது. பிராகோ முதலில் இறங்கினாள், கறுப்பில் வெள்ளைச் சோழி. அதே நேரம் எதிர்ப்பக்கம் இன்னொரு லாரி வந்து நின்றது. அதிலிருந்து அசாபியா இறங்கினாள், கறுப்பில் வெள்ளைச் சோழி. பின்னால் அவள் பெண்கள் அத்தனை பேரும் அதே.

மைக் பிடித்தவனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "பாருங்க சனங்களே! பொமிரிசோவும் அக்ராதேசோவும் ஒரே வீடா வந்திருக்காங்க! செத்தும் சேத்து வெச்சுட்டா நம்ம பாட்டி!" மேளக்காரர்கள் விளாசினார்கள். இரண்டு ராணிகளையும் ஒரே பந்தலில், ஒரே பெஞ்சில், தோளோடு தோள் உட்கார வைத்தார்கள். சாவு வீட்டில் சண்டை போட்டால் ஆடு அபராதம், அவமானம் தனி. ஆகவே இருவரும் பல் முழுக்கத் தெரியச் சிரித்தார்கள்.

"எங்கடி திருடுன இந்தத் துணிய?" என்றாள் பிராகோ, சிரித்தபடியே.

"போன மாசமே காசு குடுத்து எடுத்துட்டுப் போனேன். நீ எதப் பொறுக்கின, நான் விட்ட மிச்சத்தையா?"

மிச்சம் என்றதும் பிராகோவுக்கு எல்லாம் விளங்கியது. எகுவா கடை மூலையில் கிடந்த கட்டுகள் கண்முன் வந்தன.

"மெல்லப் பேசு, மைக்காரன் பாக்கறான்."

"நான் மெல்லத்தான்கா பேசறேன். உன் தலைத்துணிதான் கத்துது."

எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது நானா பெப்ராவின் முகம் மட்டும் இருண்டு கிடந்தது. அம்மா போன அன்றுகூட அவர் அப்படி இல்லை. பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் பார்த்தார். இனி இரண்டு ஆடு ஏது?

அடுத்த சந்தை நாளில் சுப்ரிசோவிலிருந்து ஒரு பெட்டிகூட வரவில்லை. அக்ராதேசோவுக்கும் போகவில்லை. குமாசி லாரிகள் வெறுமனே நின்றன. விசாரிக்கப் போன மான்சா மூச்சு வாங்க வந்தாள்.

"தக்காளி செடியிலயே நிக்குதும்மா. ரெண்டு ராணியும் ஒண்ணு சேந்துட்டாங்க, இனி வெலைய மிதிச்சுப் போடுவாங்கன்னு பேசிக்கறாங்க. நேரா குமாசிக்கே கொண்டுபோக லாரி தேடறாங்களாம்."

"நாங்க சேரலன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே! ஒரே துணி கட்டுனவங்க அப்டித்தான் சொல்லுவாங்கன்னு சிரிக்கறாங்கம்மா."

குமாசி லாரிக்காரர்கள் நேரே சுப்ரிசோவுக்குப் போகக் கற்றுக்கொண்டால் இரண்டு சந்தையும் காலி. பிராகோ அன்று சோறே இறங்காமல் யோசித்தாள். பிறகு அசாபியாவுக்கு ஆள் அனுப்பினாள். நீ வா, நான் வரமாட்டேன் என்று தூது போய்த் தூது வந்து, கடைசியில் பாலத்தின் நடுவில் சந்திப்பது என்று முடிவானது.

ஆளுக்கொரு முக்காலி கொண்டுவந்தார்கள். ஆளுக்கொரு குடுவைத் தண்ணீரும் கொண்டுவந்தார்கள். அங்கேதான் சிக்கல். வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து என்ன விஷயம் என்று கேட்பது வீட்டுக்காரர் உரிமை. யார் தண்ணீரை மற்றவள் குடிக்கிறாளோ, பாலம் அவளுடையது என்றாகிவிடும்.

"குடி, வெயில்ல வந்திருக்க" என்றாள் பிராகோ.

"நீதான் தூரத்திலேருந்து வந்திருக்க, நீ குடி."

வெயில் ஏறியது. இரண்டு பக்கமும் லாரிகள் ஹாரன் அடித்தன. நாக்கு வறண்டபிறகு, இருவரும் ஒரே நேரத்தில் குடுவையை மாற்றிக்கொண்டு ஒரே நேரத்தில் குடித்தார்கள். குடித்து முடித்து, "என்ன விஷயமா வந்த?" என்று இரண்டு வாயும் ஒன்றாகக் கேட்டன. அசாபியாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிராகோ அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அன்று பேசியது இதுதான்: பொமிரிசோவில் செவ்வாய்ச் சந்தை, அக்ராதேசோவில் வெள்ளிச் சந்தை. தடைகளை எடுத்துவிடுவது. அவரவர் விலை அவரவர் பாடு. அதைச் சொல்ல இருவரும் சேர்ந்தே சுப்ரிசோவுக்குப் போனார்கள். வேண்டுமென்றே அதே சோழித் துணியில், இனி ஒருத்தியைக் காட்டி இன்னொருத்தியிடம் ஆடு கறக்க முடியாது என்று தலைவருக்குத் தெரியட்டும் என்று.

நானா பெப்ரா சாமானியப்பட்ட ஆள் இல்லை. தண்ணீர் கொடுத்தார், கேட்டார், தாடையைத் தடவினார். "வெலைய ஒண்ணா நசுக்க மாட்டீங்கன்னு நான் எப்டி நம்பறது? உங்க தக்காளிப் பெட்டி வருஷா வருஷம் வளருதே! எங்க புள்ளைங்ககூட அப்டி வளரல. ரெண்டு ஊர்லயும் பழைய சின்னப் பெட்டி வரட்டும், எங்க தக்காளியும் வரும்."

பெட்டிக்கு விலை அப்படியே இருக்க, பெட்டி மட்டும் வளர்ந்தது பிராகோவின் காலத்தில்தான். அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு. அசாபியாவைப் பார்த்தாள். அசாபியா கூரையைப் பார்த்தாள். "சரி நானா" என்றாள் பிராகோ, பல்லைப் பிடுங்கக் கொடுத்தவள் மாதிரி.

வந்த செவ்வாயன்று சுப்ரிசோ லாரி பொமிரிசோவுக்குள் நுழைந்தது. மேலே சின்னப் பெட்டிகள், கூரை முட்ட. பிராகோ உடனே தலையசைக்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருக்க விட்டாள், ராணி இல்லையா! பிறகு அசைத்தாள். குமாசிக்காரர்கள் கொட்டகைக்கு வந்து தண்ணீர் குடித்தார்கள். அவர்களிடம் அவள் சொன்னது மான்சா காதிலும் விழுந்தது: "அந்தத் துணிய மொத்தமா நான் ஏன் வாங்குனேன்னு நெனக்கிறீங்க? எல்லாம் ஒரு கணக்கோடதான்." மான்சா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

நானா பெப்ராவுக்கு இப்போது இரண்டு ஊரும் சேர்ந்து ஒரே ஒரு ஆடு அனுப்புகிறது. ஒவ்வொரு முறையும் ஓட்டி வருகிறவனை நிறுத்தி, முன்னங்கால் பக்கம் யாருடையது, பின்னங்கால் பக்கம் யாருடையது என்று கேட்கிறாராம். தனித்தனியாக நன்றி சொல்லி அனுப்ப வேண்டுமே!