கிள்ளான் சாலையும் வாத்துக் காலும்

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்குத்தான் எல்லாம் பிசகத் தொடங்கியது. சுவர்க்கடிகாரம் ஒரு தடவை அடித்து ஓய்ந்தது. அதே நேரம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே வீடுகளின் தெருவில் சைக்கிள் மணிகள் கேட்டன. காலையில் கிள்ளானுக்குப் போனவர்கள் ஐந்து பேர். மழையில் நனைந்து வந்து நின்றவர்கள் நான்கு பேர். என் மகன் ராசு அவர்களில் இல்லை.

“ராசு எங்கேப்பா?”

“பின்னால வரான் மாமா,” என்றான் எதிர்வீட்டு மணியம், சைக்கிளை விட்டு இறங்காமலே. “வர்ற வழியில, பத்துத் தீகா ஊருக்குப் பக்கத்துல, சப்பாத்து லூசாயிடுச்சுன்னான். நீங்க போங்க, புடிச்சிடறேன்னான். நாங்களும் வந்துட்டோம்.”

“எப்போ?”

“மழைக்கு முந்தி மாமா.”

மழை பிடித்து வெகு நேரம் ஆகியிருந்தது.

இது நடந்து சில நாட்கள்தான் ஆகின்றன. இதை எழுதும்போதுகூட, தெருவில் சைக்கிள் மணி கேட்டால் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். எழுத்து அங்கங்கே அறுந்து தொங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சப்பாத்து நான் வாங்கிக் கொடுத்தது. ரப்பர் அடி வைத்த கான்வாஸ் சப்பாத்து. இப்போதெல்லாம் அட்டைப் பெட்டியில் அழகாக வருகிறதே, அதுதான். கடையில் ராசு போட்டு நடந்து பார்த்துவிட்டு, “அப்பா, குதிகால்ல ரெண்டு விரல் போகுது,” என்றான். கடை முதலாளியான சீனத் தவுக்கேயும் தலையை ஆட்டி, “லோங்கார் லா,” என்றார். தொளதொள என்கிறாராம். நான் விடவில்லை. சைக்கிள் சப்பாத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆள் கிடையாது என்பது என் எண்ணம். “போகட்டும். வெயில்ல இருபது மைல் மிதிச்சா கால் வீங்கும். அப்ப தெரியும் உனக்கு,” என்று சொல்லிப் பெட்டியைக் கட்டச் சொன்னேன்.

ஐந்து மணி ஆனதும் இனி வாசலில் நிற்பதில்லை என்று முடிவு செய்தேன். கொல்லைப்புறத்தில் கிடந்த என் பழைய சைக்கிளை வெளியே இழுத்தேன்.

“நீங்க எங்கே கிளம்புறீங்க? நீங்க போய் விழுந்தா நான் யாரைத் தேடுறது?” என்றாள் மனைவி.

“ரெண்டு பேரையும் சேர்த்துத் தேடு,” என்று சொல்லிவிட்டு டயருக்குக் காற்றடிக்க உட்கார்ந்தேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பதற்கான நேரமில்லை. வாய் தானாகச் சொன்னது.

பம்ப் அடிக்க அடிக்க, வெடிப்பு விட்ட பழைய டயர் ரப்பரிலிருந்து ஒரு வாடை எழுந்தது. புளித்த, புகை கலந்த வாடை. அந்த வாடை என்னைப் பிடித்து, நான் ரயில்வே ஆபீஸில் சின்னக் குமாஸ்தாவாகச் சேர்ந்த வருஷங்களுக்குள் தள்ளிவிட்டது. மகனைக் காணோம் என்று பதறுகிறவனுக்குப் பழைய கதை எதற்கு என்று கேட்பீர்கள். கை பம்ப் அடிக்கும்போது மனசு சும்மா இருக்க மாட்டேன் என்கிறதே, என்ன செய்ய?

அப்போது பிரிக்பீல்ட்ஸில் செங்கல் சூளைகள் புகைந்துகொண்டிருந்தன. கிள்ளான் சாலை செம்மண். நாங்களும் ஐந்து பேர், எல்லாரும் ஒரே ஆபீஸ். ஞாயிறு காலையில் கிளம்பிக் கிள்ளானில் ஆற்றோரக் கடையில் மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். எங்களுக்குத் தலைவர் சின்னையா அண்ணன். சரக்குப் பிரிவில் மூத்த குமாஸ்தா. உடம்பு பெரிசு, வாய் அதைவிடப் பெரிசு. வழி முழுக்க அவர் பேச்சுத்தான்.

“ஏய், உன் வண்டி ஏன் இப்படி அழுவுது? வீட்ல அடிச்சிட்டாங்களா?”

“செயின் காஞ்சு போச்சுண்ணே,” என்பேன் நான்.

“எண்ணெய் காட்டுய்யா! தலைக்கு மட்டும் வழிய வழிய வச்சுக்கிறே.”

“அண்ணே, முன்னால மேடு.”

“பாத்துட்டேன். மேடு வந்தா ஒருத்தனும் பேசக் கூடாது. நான் மட்டும்தான் பேசுவேன்.”

என்னுடைய துன்பம் சப்பாத்து. பதினேழு வயது வரை வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போனவன் நான். விரல்கள் ஒன்றோடொன்று கோபித்துக்கொண்டதுபோல் விரிந்து நிற்கும். சைக்கிளின் இரும்புப் பெடலுக்கு ரம்பம்போல் பல் இருந்ததால் வெறுங்காலை வைக்க முடியாது. சீமைச் சப்பாத்து துரைமார் காலுக்குச் செய்தது. அதில் என் காலை நுழைத்தால் கண்ணில் தண்ணீர் வரும். அதோடுதான் முதல் தடவை கிள்ளான் போய் வந்தேன். மறுநாள் ஆபீஸில் மேசைக்கு அடியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கணக்கெழுதினேன். துணிச் சப்பாத்து வாங்கினேன். அடி மெலிசு, பெடலின் பல் உள்ளே இறங்கியது. ஆனாலும் நான் விடுகிற ஜாதி இல்லை. சம்பளம் வாங்கிய ஒவ்வொரு சனிக்கிழமையும் கோலாலம்பூரில் கடைகளுக்கு முன்னே ஓடும் அஞ்சடி நடைபாதைகளில் கடை கடையாக ஏறி இறங்கினேன்.

கடைசியில் ஒரு சீனச் சப்பாத்துக்காரர் என் காலைப் பழுப்புத் தாளில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டார். கோட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், உள்ளே இருந்த பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினார். “காக்கி இத்தேக்!” என்று இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாத்துக் காலாம். சிரித்தால் சிரிக்கட்டும். அவர் தைத்துக் கொடுத்த சப்பாத்தில் என் சுண்டுவிரல் முதன்முதலாக நிமிர்ந்து படுத்தது. அன்று அந்த அஞ்சடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வேலையில்லாமல் நடந்தேன்.

ஒரே ஒரு குறை. அடித்தோல் வழவழப்பு, மழையில் பெடலிலிருந்து வழுக்கும். சின்னையா அண்ணன் வழி சொன்னார். “நாடு பூரா ரப்பர். நம்ம காலுக்கு மட்டும் இல்லையா?” அவர் மச்சான் ஒருவர் ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. அவரிடமிருந்து புகைபோட்டு உலர்த்திய ரப்பர் ஷீட் ஒன்று வந்தது. பங்சர் ஒட்டும் பசையைத் தடவி அடியில் ஒட்டினோம். பிடிப்பென்றால் அப்படியொரு பிடிப்பு. நான் அதோடு நின்றிருக்கலாம். என் வண்டி அழுகிறது என்ற கேலி மனசில் இருந்ததால், கிளம்புவதற்கு முதல் நாள் செயினுக்கும் பெடலுக்கும் எண்ணெயை ஊற்று ஊற்று என்று ஊற்றினேன்.

பச்சை ரப்பர் எண்ணெயில் ஊறி வெயில் பட்டால் பிசினாகிவிடும் என்பது எங்கள் ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது. ரப்பரைத் துறைமுகத்துக்கு ஏற்றும் ரசீது எழுதத்தான் எங்களுக்குத் தெரியும்.

திரும்பும் வழியில் எருமைகள் சாலையைக் கடந்தன. “நிறுத்து, நிறுத்து!” என்றார் அண்ணன். எல்லாரும் காலை ஊன்றினார்கள். என் கால் பெடலை விட்டு வரவில்லை. இழுத்தேன். வரவில்லை. வண்டியோடு சேர்ந்து, வெட்டிய வாழைமரம்போல் மெதுவாகச் சாய்ந்து எருமைச் சேற்றில் விழுந்தேன்.

“என்னய்யா, வண்டிய கல்யாணம் பண்ணிக்கிட்டியா? விடமாட்டேங்குது!”

பேனாக்கத்தியால் அறுத்துத்தான் எடுத்தார்கள். ஒரு பக்கத்து அடி பெடலிலேயே தங்கிவிட்டது. வெட்கத்தில் எனக்கு முகம் காட்ட முடியவில்லை. “நீங்க போங்கண்ணே, நான் மெதுவா வரேன்,” என்றேன். போனார்கள்.

நான் பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தபோது முனையிலிருந்த காப்பிக் கடையில் நால்வரும் சுவரோடு சாய்ந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரே காப்பி குடிக்காமலே ஆறிக் கிடந்தது. ஒருவர் காலிலிருந்தும் சப்பாத்து இறங்கவில்லை. கயிறுகூடத் தளர்த்தவில்லை.

“வாய்யா மாப்பிள்ளை. எங்க காலு வெந்து போச்சு. கழட்டலாமா இப்ப?” என்றார் சின்னையா அண்ணன்.

அது எங்கள் கூட்டத்து வழக்கம். கடைசி ஆள் வரும்வரை யாரும் சப்பாத்தைக் கழற்றுவதில்லை. பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. வெயிலில் மிதித்த கால் வீங்கியிருக்கும். ஒரு தடவை கழற்றினால் திரும்ப உள்ளே போகாது. பின்னால் வருகிறவனுக்கு ஏதாவது ஆகித் தேடிப் போக வேண்டியிருந்தால்?

காற்றடித்து முடித்ததும் மணியம் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவன் இரண்டு கால்களையும் வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நல்ல பையன், என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

“வரேன் மாமா,” என்று ஈரச் சப்பாத்துக்குள் காலைத் திணித்துத் திணித்துப் பார்த்தான். போகவில்லை. “கழட்டிட்டேனே மாமா,” என்றான், அழுகிற குரலில்.

“பரவாயில்ல. நீ அத்தைக்குத் துணையா இரு,” என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பினேன். அவனைக் கோபிக்க எனக்கு என்ன இருக்கிறது? அந்த வழக்கத்தை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய சின்னையா அண்ணன், ரப்பர் விலை விழுந்து ஆட்குறைப்பு வந்தபோது குடும்பத்தோடு ஊருக்கே கப்பலேறிப் போய்விட்டார். மற்றவர்கள் மாற்றலாகிக் கண்காணாத ஸ்டேஷன்களில் இருக்கிறார்கள். காப்பிக் கடை இருந்த இடத்தில் டயர்க் கடை. சூளைகள் இல்லை. சாலைக்குத் தார் போட்டாயிற்று. கிள்ளானுக்கு பஸ்ஸே போகிறது. காலைத் தாளில் வைத்துக் கோடு போட்டவரின் கடையும் இப்போது இல்லை. சாலை முனையில் நான்கு பேர் காப்பி ஆறக் காத்திருப்பதும் அவற்றோடு போய்விட்டது.

மழை முகத்தில் அறைந்தது. கண்ணாடி மங்கியது. மிதிக்க மிதிக்க மூச்சு அடைத்தது. பத்துத் தீகா வரைக்கும் போவது, அங்கேயும் இல்லையென்றால் கிள்ளான் வரைக்கும் போவது, இறங்குவதில்லை என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். பெரிய சாலையில் ஏறிக் கொஞ்ச தூரம் போயிருப்பேன். எதிரே விறகு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று வந்தது. விறகின் மேல் ஒரு சைக்கிள் கிடந்தது. வண்டியின் பின்கட்டையைப் பிடித்தபடி ராசு நடந்து வந்தான், ஒரு காலில் சப்பாத்தும் ஒரு கால் வெறுமையுமாக. முழங்கையில் இரத்தம். என்னைப் பார்த்ததும் வண்டிக்குப் பின்னால் ஒதுங்கினான்.

நான் சைக்கிளை விட்டு இறங்கினேன். தலையில் சாக்கு போட்டிருந்த வண்டிக்காரர் மாட்டை நிறுத்தி இறங்கி வந்தார்.

“ஐயாதான் அப்பாங்களா? பையனுக்கு ஒண்ணுமில்லீங்க. சப்பாத்து கழண்டு செயின்ல மாட்டிக்கிச்சு, விழுந்திருக்கான். ஒண்ணு அப்படியே காவாயில போயிடுச்சு. இடுப்பளவு தண்ணியில எறங்கித் துழாவிக்கிட்டு நிக்கிறான். மழை கொட்டுது, வண்டியில ஏறுடாங்கறேன், ஏறமாட்டேங்கிறான். ஒத்தச் சப்பாத்தோட போனா எங்கப்பா மூஞ்சிய எப்படிப் பாக்கறதுங்கறான். இழுத்துக்கிட்டு வந்தேன்.”

முகத்து மழையை வழித்துவிட்டு, மங்கிய கண்ணாடியோடு நனைந்த கோழிபோல் நின்ற என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

“நானும் என்னமோ கொடுவா மீசையோட ஒரு ஆளு நிக்கப் போறாருன்னு வழியெல்லாம் பயந்துக்கிட்டே வந்தேன். நீங்கதானா அது?”