எதிர்வாதியாக மாரித்

மாரித்துக்கு யாரையும் முகத்துக்கு நேரே குறை சொல்ல வராது. ஓட்டலில் கேட்டது ஒன்று, வந்தது ஒன்று என்றாலும், வந்ததையே சாப்பிட்டுவிட்டு "நல்லா இருந்துச்சு" என்று சொல்லி எழுந்து வருவாள். வடக்கு ஸ்வீடனில், தெருப்பனி வழிக்கும் வண்டிகள் எந்த வழியில் போக வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தரும் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தாள். கூட இருப்பவர்கள் எழுதிய நிரல் சரிபார்க்க வந்தால், தப்பைச் சத்தமில்லாமல் தானே திருத்திவிட்டு, 'அருமை' என்று எழுதி அனுப்பிவிடுவாள்.

மென்பொருள் பொறியியலில் முதுநிலைப் படிப்பை அவள் கைவிட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. பாடங்கள் எல்லாம் தேறியாயிற்று, ஆய்வேடு மட்டும்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து வேலை கிடைத்தது. பிறகு கல்யாணம், குழந்தை. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம், அலுவலகத்தில் படிப்பு விடுப்பு வாங்கிக்கொண்டு திரும்பவும் போய் உட்கார்ந்தாள். பனி வண்டி மென்பொருளைத் தானாகவே சோதித்துப் பார்க்கும் முறை ஒன்றை உருவாக்கி, அதைப் பற்றி எழுதி, வசந்தத்தில் எல்லோர் முன்னாலும் நின்று விளக்கியும் முடித்தாள்.

"ஏடு முடிஞ்சுது. பட்டம் இன்னும் முடியல," என்றார் தேர்வாளர் குன்னெல். "இன்னொருத்தர் ஆய்வேட்டுக்கு நீங்க எதிர்வாதியா உக்காரணும்."

"அதை மட்டும் விட்டுட முடியாதா?"

குன்னெல் சிரித்துவிட்டார். "எல்லாரும் எழுதறதுக்குத்தான் பயப்படுவாங்க. நீங்க என்ன இதுக்குப் போய் பயப்படறீங்க? அடுத்தவங்க வேலையில ஓட்டை எங்கேன்னு பாக்கணும், பாத்ததைச் சபையில கேக்கணும். அதுவும் படிப்புதான்."

அவள் பங்குக்கு வந்தது ஏலோஃப் என்ற இளைஞனின் ஆய்வேடு. மலைப்பக்கத்துச் சாலைகளில் கலைமான் கூட்டம் நிற்கும் இடத்தை ஓட்டுநர்களுக்குக் காட்டும் செயலி ஒன்றைப் பற்றியது அது. வரைபடத் தகவலைத் தேடி எடுக்கப் புதிய வழி ஒன்று கண்டுபிடித்திருப்பதாகவும், பழைய வழியைவிட அது இரண்டு மடங்கு வேகம் என்றும் எழுதியிருந்தான். மாரித் அவனுடைய நிரலை வீட்டுக் கணினியில் ஓட்டிப் பார்த்தாள். உண்மைதான், வேகமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் எப்போதும் பழையதை முதலிலும் புதியதை அடுத்ததாகவும் ஓட்டியிருந்தான். எதற்கும் பார்ப்போமே என்று வரிசையை மாற்றி ஓட்டினாள். இப்போது பழையது வேகமாக ஓடியது! முதலில் ஓடுவது கஷ்டப்பட்டு எடுத்து வைக்கும் தகவல் நினைவகத்திலேயே இருக்க, இரண்டாவதாக வருவது அதைச் சும்மா அள்ளிக்கொள்கிறது, விஷயம் அவ்வளவுதான்.

இதை அவள் சபையில் கேட்டாக வேண்டும்.

"பல்லு பிடுங்கப் போற மாதிரி முகத்தை வச்சிருக்கே," என்றான் கணவன் நிக்லஸ்.

"பிடுங்கப் போறது நான்தான். அதான் பயமா இருக்கு."

சபையில் திடுதிப்பென்று போட்டு உடைக்க மனம் வரவில்லை. முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று ஏலோஃபைப் பல்கலைக்கழகக் காப்பிக் கடைக்கு வரச் சொன்னாள்.

"வாங்க வாங்க, எதிர்க்கட்சித் தலைவி," என்று சிரித்துக்கொண்டே எழுந்தான். விஷயத்தைச் சொல்லச் சொல்ல அந்தச் சிரிப்பு வற்றிப்போயிற்று. கையிலிருந்த ஏலக்காய் பன்னைத் தட்டிலேயே வைத்தான்.

"என் வழிகாட்டிக்கே தெரியல. உங்களுக்கு எப்படிங்க?"

"வரிசையை மாத்திப் பாத்தேன். அவ்வளவுதான்."

"எங்க அப்பா அம்மா அவ்வளவு தூரத்துல இருந்து வண்டி ஓட்டிட்டு வர்றாங்க." குரலைத் தாழ்த்தினான். "நீங்க கேக்கலைன்னா யாருக்கும் தெரியாது, மாரித். கேக்கறதுக்கு வேற எவ்வளவோ இருக்கு."

'சரி' என்ற சொல் அவளுடைய நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாழ்நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய சொல் ஆயிற்றே. காப்பியை ஒரு மடக்கு குடித்து அதை விழுங்கினாள்.

"இல்ல ஏலோஃப், கேப்பேன். உனக்குத் தெரியாம கேக்கக் கூடாதுன்னுதான் வந்தேன்."

அவன் பன்னை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டான்.

அரங்கேற்ற நாளில் அவனுடைய பெற்றோர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் பச்சை நிறக் கேக் தயாராக இருந்தது. ஏலோஃப் நன்றாகவே பேசினான். ஆனால் திரையில் வந்தது அதே பழைய வேகக் கணக்கு, அதே இரண்டு மடங்கு. மாரித் எழுந்தாள். இரண்டு மூன்று சில்லறைக் கேள்விகள் கேட்டாள். அப்புறம் கையிலிருந்த தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள்:

"ரெண்டையும் வரிசை மாத்தி ஓட்டிப் பாத்தியா?"

ஏலோஃப் அவளைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். பிறகு நன்றி சொல்லும் பக்கத்தைத் தாண்டி இன்னும் ஒரு பக்கத்தைத் திறந்தான். காட்ட வேண்டி வராது என்ற நம்பிக்கையில் ஒளித்து வைத்திருந்த பக்கம் அது.

"போன வாரம் ஓட்டினேன்," என்றான். "பெரிய வித்தியாசம் இல்ல. சிக்னல் ரொம்ப மோசமா இருக்கற இடத்துல மட்டும் புதுசு கொஞ்சம் நல்லா ஓடுது."

"அந்த இடத்துல ஏன் அப்படி?" என்று மாரித் கேட்டாள். இதை அவள் எழுதி வைத்துக்கொண்டு கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவனும் பலகைக்குப் போய்ப் படம் போட்டு விளக்க ஆரம்பித்தான். நேரம் தாண்டியும் இருவரும் பேசிக்கொண்டிருந்ததால் குன்னெல் குறுக்கிட்டு நிறுத்த வேண்டியதாயிற்று. அளவீட்டு அத்தியாயத்தைத் திருத்தி எழுதினால் தேர்ச்சி என்று அவர் அறிவித்தார்.

கேக் வெட்டும்போது ஏலோஃபின் அம்மா கத்தியோடு நிமிர்ந்தாள். "எதிர்க்கறவங்களுக்கும் கேக்கு உண்டா என்ன?"

"அவங்களுக்குத்தான் முதல்ல கொடுக்கணும். இன்னிக்கு ரொம்ப உழைச்சது அவங்கதான்," என்று அப்பா தட்டை நீட்டினார். அம்மா கொடுத்தது மெல்லிய துண்டுதான். மாரித் அதை வாங்கி முழுவதும் சாப்பிட்டாள். ஏலோஃப் அன்று அவளிடம் வந்து பேசவில்லை. கோடை முடிவில் திருத்திய அத்தியாயத்தை அவளுக்கும் ஒரு பிரதி அனுப்பினான். கூடவே ஒரே ஒரு வரி: 'இதையும் கவுத்துப் பாருங்க.' பார்த்தாள், கவிழவில்லை.

அவளுடைய பட்டம் ஆகஸ்டில் வந்தது. சதுப்பில் மஞ்சள் பெர்ரி பறித்துக்கொண்டிருந்தபோது கைபேசியில் செய்தி. நிக்லஸிடம் காட்டினாள்.

"அப்ப இனிமே எங்கிட்டயும் குறை கண்டுபிடிப்பியா?"

"உன் வாளியில பாதி காயா கிடக்கு," என்றாள் மாரித். அவன் வாளியைக் கிளறிப் பார்த்துவிட்டு, காய்களைப் பொறுக்கி எறிய ஆரம்பித்தான்.