தவமலரக்கா வேண்டாமென்ற சோங்கு

தவமலரக்கா காலமான செய்தி வந்தபோது நான் பலர்மோவின் பணக்காரத் தெருவான லிபெர்த்தாவில், பதினைந்து வருடமாக வேலை செய்யும் அதே வீட்டில், முதலாளியின் சட்டைகளை மினுக்கிக்கொண்டிருந்தேன். அக்காவின் மகள் ஆஸ்பத்திரியில் இருந்து போன் எடுத்தாள். "மாமா, அம்மா விடியப் போயிட்டா" என்றாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, வீட்டுச் சிஞ்ஞோராவிடம், முதலாளியின் மனைவியிடம், போய்ச் சொன்னேன். ஆறு வருடத்துக்கு முன் அவருடைய மாமனாரைப் பராமரித்த பெண் என்று நினைவூட்டவும் வேண்டியிருந்தது. "பாவம்" என்றார். பிறகு நீலச் சட்டை முடிந்துவிட்டதா என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். என் கோபத்தில் முதல் பங்கு அந்த நீலச் சட்டைக்கு. மீதியை இனிப் பங்கு போடுகிறேன்.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள். எனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். நல்லதை மட்டும் எழுத வேண்டுமாம், ஒருவரையும் நோகடிக்கக் கூடாதாம். மரண அறிவித்தலில் "எல்லோராலும் நேசிக்கப்பட்டவர்" என்று போட்டிருந்தார்கள். எல்லோராலுமா? பலர்மோவில் இருக்கிற நாங்களே அதை வாசித்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல மடித்து வைத்தோமே, எங்களுக்கு எவ்வளவு தடித்த தோல் இருக்க வேண்டும்?

அவரைத் தெரிந்தவர்களுக்கு நினைவிருக்கும். சண்டை முடிந்து இரண்டு வருடத்தில், கணவரை வன்னியில் பறிகொடுத்துவிட்டு, மகளோடு வந்து சேர்ந்தார். அல்பெர்கேரியாவில், பல்லாரோ சந்தைக்குப் பின்னால் ஒரு சிறிய அறை. வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமைப் பூசையில் பெண்கள் ஊர்க்கதை கதைத்துக்கொண்டிருந்தபோது அவரும் ஒன்று சொன்னார். வயலுக்குப் பன்றி வருமாம். தகப்பனிடம் அனுமதிப் பத்திரத்தோடு ஒரு துவக்கு இருந்ததாம். அதைத் துடைத்து எண்ணெய் போடுவது அவருடைய வேலையாம். இவ்வளவுதான் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அது கையும் காலும் முளைத்து நடக்கத் தொடங்கிவிட்டது. "துவக்குப் பிடிச்சவவாம், அவவோடை நிண்டு படம் எடுக்காதேங்கோ, பெர்மெஸோவுக்குப் பிரச்சினை வரும்" என்று என்னிடமும் ஒருவர் வந்து காதில் ஓதினார். பெர்மெஸோ என்றால் இந்த நாட்டில் தங்கியிருக்கிற அனுமதி. நானும் கொஞ்சம் தள்ளித்தான் நின்றேன். யாழ்ப்பாணத்தான் அல்லவா, முன்னெச்சரிக்கை எங்களுக்குக் கூடப் பிறந்தது. அக்கா விளங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு துவக்கு என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை, ஒரு நாளைத் தவிர. அவருடைய வாயைக் கட்டியது இத்தாலியர்கள் இல்லை, நாங்கள்.

வேலை எடுத்துக் கொடுத்தது மட்டும் நான். என் முதலாளியின் தகப்பனார் அதே கட்டடத்தில் இரண்டு மாடி கீழே தனியாக இருந்தார். எண்பதை நெருங்கிய வயது. விழுந்து வலது தோளில் சத்திர சிகிச்சை செய்து, உள்ளே தகடு வைத்திருந்தது. அக்கா அவருக்குச் சட்டை போடுவதை ஒருநாள் பார்த்தேன். முதலில் வருத்தமான கையைச் சட்டைக் கைக்குள் விட்டு, தோள்வரை இழுத்து, பிறகு நல்ல கையை விடுவார். வலக்கையைத் தூக்கும்போது ஓரிடத்தில் நிறுத்துவார். அதற்கு மேலே ஒரு விரல்கடை தூக்கினாலும் பெரியவருடைய முகம் சுருங்கும் என்று அவருக்குத் தெரியும். வைத்தியர் எழுதிய தாள்களில் இல்லாத அளவு அது. "தாங்கிப் பிடிக்கிறவளுக்குத்தான் தம்பி பாரம் தெரியும்" என்பார். அந்த வீட்டில் பாரம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

பெரியவருக்கு ஒரு ஆசை இருந்தது. மதோனியே மலைப்பக்கம் காட்டுப்பன்றி வேட்டைக்கு இன்னொரு தடவை கூட்டாளிகளோடு போய்வர வேண்டும். அவருடைய துவக்கோ வால்நட் மரச் சோங்கு போட்டது. சோங்கு என்றால் தோளில் ஊன்றுகிற பின்பகுதி, ஊரில் அதால் அடி வாங்கியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அது நல்ல பாரம். நீட்டிப் பிடித்தால் இடக்கை நடுங்கியது. மகன், அதாவது என் முதலாளி, பிறந்தநாள் பரிசாக மரத்தைக் கழற்றிவிட்டு, மெல்லிய, பாரமில்லாத செயற்கைச் சோங்கு ஒன்றைப் பூட்டிக் கொடுப்பது என்று முடிவெடுத்தார். தகப்பனிடம் கேட்கவில்லை. ஆயுதக் கடைக்குப் போகும்போது பெரியவரைப் பிடித்து நடத்த அக்காவும், கார் ஓட்ட நானும் போனோம்.

கடைக்காரர் கறுப்பாக ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அதை ஒரு விரலில் தொங்கவிட்டுக் காட்டினார். மழையில் ஊறாது, வெயிலில் வளையாது, பாதிப் பாரம்கூட இல்லை என்றார். முதலாளி அதைப் புதுப் போனைத் தடவுவதுபோல் தடவினார். பெரியவருடைய முழங்கையை மடக்கச் சொல்லி, மடிப்பில் இருந்து விரல்வரை நீளம் அளந்தார்கள். தோளை ஒருவரும் அளக்கவில்லை. அந்தத் தோளால் எவ்வளவு உயரம் போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரியவர் தன்னுடைய பழைய மரச் சோங்கின் மேல் இருந்த கையை எடுக்கவேயில்லை.

அக்கா அந்தக் கறுப்புச் சோங்கைக் கையில் வாங்கினார். தோளுக்கு வரும் முனையைத் திருப்பிப் பார்த்தார், உள்ளங்கையால் அகலம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, தமிழில் சொன்னார்:

"தம்பி, ஐயாவின்ரை கை அந்தளவுக்கு எழும்பாது. சோங்கு தோள்குழிக்குள்ளை இராது, காறையெலும்பிலைதான் வந்து இருக்கும். இது ஒடுக்கம், பாரமும் இல்லை. பாரமில்லாத துவக்குத்தான் கூட உதைக்கும். மரச் சோங்கு அகலம், உதையை அது தானே வாங்கும். அதையே வைச்சுக்கொண்டு, முன்னுக்கு ஒரு கவர்த்தடி ஊண்டிச் சுடச் சொல்லு. எங்கடை அப்புவும் வயசு போன நேரம் அப்பிடித்தான் சுட்டவர். எல்லாத்தையும் வடிவாச் சொல்லு."

அக்காவுக்குத் தெரிந்தது சமையலறை இத்தாலி. என்னுடையது நல்ல இத்தாலி, அதில் எனக்குப் பெருமையும் உண்டு. அந்த நல்ல இத்தாலியில் நான் சொன்னது இதுதான்: மிகவும் அழகாக இருக்கிறதாம், சிஞ்ஞோரின் தோளுக்குச் சரிவருமா என்று கேட்கிறார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வன்னியில் இருந்து வந்த பெண் துவக்கு எப்படி உதைக்கும் என்று பாடம் நடத்தினால், உனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்று பயந்தேன். அந்தக் கேள்வி கடையோடு நிற்குமா, பெர்மெஸோ கொடுக்கிற பொலிஸ் கந்தோரான கொஸ்தூரா வரைக்கும் போகுமா என்று பயந்தேன். அவரைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பொய். அவரை வேலைக்குச் சேர்த்துவிட்ட என்னையும் சேர்த்துக் கேட்பார்களே என்பதுதான் முதல் பயம்.

கடைக்காரர் சோங்கின் முனையில் இருந்த றப்பரைப் பெருவிரலால் அமத்திக் காட்டி, உதை எல்லாம் இதற்குள் போய்விடும் என்றார். முதலாளி சிரித்தார். சூப்புக்கு உப்புப் போதுமா என்று அவரைக் கேட்கலாம், இதை எங்களிடம் விடட்டும் என்றார். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "அவ்வளவு நேரம் கதைத்தாரே, இவ்வளவுதானா சொன்னார்?" என்று கேட்டார். நான் இவ்வளவுதான் என்றேன்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டார்: "நான் சொன்னதெல்லாத்தையும் அப்பிடியே சொன்னனியே?"

"ஓம் அக்கா, சொன்னனான்."

புதுச் சோங்கு பூட்டி வந்ததும் முதலில் சுட்டுப் பார்க்கப் போனார்கள். மலைக்குப் போகவே தேவைப்படவில்லை, ஒரே வெடி. காறையெலும்பு முறிந்தது. அக்கா சொன்ன அதே இடம். ஆஸ்பத்திரி நடையில் தகப்பனும் மகனும் சண்டை பிடித்தார்கள். இந்த வயதில் உங்களுக்கு வேட்டை எதற்கு என்று மகன் கத்தினார். இந்தத் தும்புத்தடியை வாங்கித் தந்தவன் நீதானே என்று தள்ளுவண்டியில் படுத்தபடி தகப்பன் கத்தினார். அக்கா இருவருக்கும் நடுவில் போய் நின்று, "கோல்பா மியா" என்றார். என்ரை பிழை, நான்தான் தடித்த சட்டை போட்டுவிட்டிருக்க வேண்டும் என்றார்.

எங்கள் வீடுகளில் இது எத்தனை தடவை நடந்திருக்கும்! தகப்பனும் மகனும் முட்டிக்கொண்டால் நடுவில் ஒருத்தி வந்து, என்ரை பிழை, விடுங்கோ என்பாள். பிழை அவளுடையதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதைச் சாட்டாக வைத்துக் கோபத்தை இறக்குவார்கள். ஒருவரும் அதைப் பிடித்து வைத்துத் தீர்ப்பு எழுதுவதில்லை. அந்த நடையில் எழுதினார்கள். மாதம் முடியமுன் வேலை போனது. பெர்மெஸோ புதுப்பிக்கச் சில கிழமைகள்தான் இருந்தன, வேலை ஒப்பந்தம் இல்லாமல் அதற்குப் போக முடியாது. கவனமில்லாத பெண், தானே ஒத்துக்கொண்டார் என்று முதலாளி கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். லிபெர்த்தாவில் ஒரு கதவும் திறக்கவில்லை.

அப்போது எங்கள் சனம் என்ன செய்தது? துவக்குக் கடைக்கு அவவுக்கு என்ன வேலை என்று கேட்டது. கிரியையில் மலர்மாலையோடு படத்துக்கு நின்றவர்களில் நாலு பேராவது அப்படிக் கேட்டதை என் காதால் கேட்டவன் நான். பெயர் எழுதவில்லை. அவரவருக்குத் தெரியும்.

கடைசி நேரத்தில் பிரான்காச்சோவில் மாடிப்படி கழுவும் வேலை கிடைத்து, பெர்மெஸோ தப்பியது. இரண்டு பஸ் மாறிப் போய்வருவார். பெரியவர் அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நல்ல சம்பளத்துக்கு வடக்கே போய்விட்டார் என்று மகன் சொன்னார். அதையும் நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அடுத்த மாரியில் பெரியவர் இறந்தார். அக்காவுக்கு அடக்கம் முடிந்த பிறகுதான் தெரியும்.

போன வருடம் பல்லாரோவில் அவரைக் கண்டபோது, இனியும் தாங்காது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "நீ சொல்லேல்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார். "நான் சொன்னதைச் சொல்லியிருந்தால் அவை அப்பிடிச் சிரிச்சிருக்கமாட்டினம்." இன்னொரு கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீ உன்ரை பெர்மெஸோவை நினைச்சாய், நான் என்ரையை நினைச்சு வாயை மூடினன். ஐயாவின்ரை எலும்பை ஒருத்தரும் நினைக்கேல்லை" என்றார். அவர் என்னைப் பேசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். பேசவில்லை. நல்லதாக நாலு கத்தரிக்காய் எடுத்து என் பையிலும் போட்டுவிட்டார்.

கிரியை நடந்த மண்டபத்துக்கு என் முதலாளி மலர்வளையத்தோடு வந்தார். நாலு வார்த்தை சொல்ல விரும்பினார், என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். தவமலர் எங்கள் குடும்பத்தில் ஒருத்தி என்றார், சொன்னேன். அன்பான கைகள் என்றார், சொன்னேன். ஒரு தவறு நடந்தது, அது தன்னுடையது என்று அவரே நேர்மையாக ஒத்துக்கொண்டார், நாங்கள் அதை எப்போதோ மன்னித்துவிட்டோம் என்றார். அதையும் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். எங்கள் சனம் தலையாட்டியது. நல்ல மனுசன் என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

நான் அவர் பக்கம் திரும்பி, அன்றைக்குக் கடையில் அக்கா சொன்ன அத்தனையையும் இத்தாலியில் சொன்னேன். எழும்பாத கை, காறையெலும்பு, ஒடுங்கின சோங்கு, கூடுகிற உதை, கவர்த்தடி. பிறகு சனத்தின் பக்கம் திரும்பி அதையே தமிழில் சொன்னேன். முதலாளி கேட்டார்: "இதை ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் அப்பா..." முடிக்கவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அத்தனைக்கும், அது சரியான கேள்வி. பயத்தில் என்றேன். அவர் மலர்வளையத்தின் நாடாவை நேராக்கி வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு என்னோடு கதைக்கவில்லை, வேலையை விட்டு நிற்கச் சொல்லவும் இல்லை. அவருடைய சட்டைகளை இன்னும் நான்தான் மினுக்குகிறேன்.

மலர்க் குழுவுக்கு ஒன்று: இதில் ஒரு வரியை வெட்டினாலும் என் பெயரைப் போடாதீர்கள்.

அக்காவிடம் இருந்து என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டால், அவர் கொண்டுபோய்க் கொடு என்று தந்த சொற்களை ஆறு வருடம் வைத்திருந்தேன். அவற்றைக் கொடுத்தாகிவிட்டது. பெரியவருக்குக் கொடுக்கவில்லை, அக்கா கேட்கும்படியும் கொடுக்கவில்லை, ஆனாலும் கொடுத்தாகிவிட்டது. இப்போது என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கடை வாசலில் அவருக்கு நான் சொன்ன ஒரு பொய். அதைச் சொன்ன நாளிலேயே அவர் அதைப் பொய்யென்று அறிந்திருந்தார். அறிந்துகொண்டே பிறகும் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார்.