புல்லுக்குள் நின்ற மீன்

கடலாய்வு நிலையத்தின் சன்னலில்லாத அறையில், கடலடிக் கேமராக்கள் எடுத்த வீடியோப் படங்களைப் பார்த்து மீன் எண்ணுவதுதான் பதினோரு வருடமாக அவள் வேலை. சுவருக்கு அடித்தது போக மிஞ்சிய சாயத்தில் முக்கியெடுத்தது போல ஒரு பச்சைச் சீருடை வேறு.

பவளப்பாறைப் படம் என்றால் சந்தைக் கூட்டம். கிளிமீன்களின் நிறம் கண்ணைப் பறிக்கும். பக்கத்துக் கடற்புல் படம் என்றால் கொட்டாவிதான். வளர்ந்ததும் பாறைக்கு ஓடிவிடும் குஞ்சுகளும், எங்கும் போகாத பச்சை மீன்களும்தான் அங்கே.

அன்று ஒரு புல் படத்துக்குப் பூஜ்யம் போட்டாள். கேமரா வைத்த முக்குளிப்பாளர் வந்து திரையைத் தொட்டுக் காட்டினார்.

"அக்கா, இங்க ஒண்ணு ஒரு மணி நேரமா நிக்குது. கண்ணுல படலையா?"

"அசைஞ்சாத்தானே தம்பி தெரியும்! புல்லோட புல்லா நின்னு உயிரை வாங்குது."

அவர் போனதும் பூஜ்யத்தை அடித்து, ஒன்று என்று எழுதினாள். பிறகு அந்த மீனையே பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்து மணிக்குக் காவலாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"உள்ள யாருமில்லப்பா!" என்று வெளியே குரல் கொடுத்துவிட்டு, விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டினார்.